கைக் கியரை நகைப்போர்க்கு

தானியங்கிக் கியர் பூட்டிய காரிலிருந்து அந்தக் கியர்ப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கையால் மாற்றும் கியர்ப் பெட்டியைப் பொருத்துகிறவனைப் பற்றி மலேசியத் தமிழரிடையே மூன்று வகைப் பேச்சுகள் வழங்குகின்றன. ‘முன்னேறிய ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பின்தங்கிய ஒன்றை வாங்குகிறான்’ என்பது முதற்பேச்சு. ‘தொழிற்சாலை முறையாகச் செய்து தந்ததைப் பட்டறைக்காரன் பிரித்துக் கெடுக்கிறான், அது உயிருக்கே ஆபத்து’ என்பது இரண்டாம் பேச்சு. ‘கையெல்லாம் எண்ணெய் படியக் காருக்கு அடியிற் கிடப்பது படிக்கிற பிள்ளை செய்யும் வேலையா?’ என்பது மூன்றாம் பேச்சு. முதற்பேச்சு அறியாமையிலிருந்து பிறப்பது. இரண்டாவதில் பாதி உண்மை உண்டு. மூன்றாவதோ, கேட்பதற்குப் பெற்றோரின் பரிவுபோல் தோன்றினாலும், வளரும் தலைமுறையின் வாழ்வில் நஞ்சு கலப்பது. ஆதலின், மூன்றுக்கும் மறுமொழி கூறியே ஆகவேண்டும்.

மறுமொழிக்கு முன், பொருள் இன்னதென்று தெளிதல் நலம். பேசுவோரிற் பலர் கியர்ப் பெட்டியின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அறியாமலே தீர்ப்பு வழங்குகின்றனர்.

எஞ்சின் எத்துணை ஆற்றல் உடையதாயினும் நின்ற நிலையிலிருந்து வண்டியை இழுக்க வல்லதன்று. நிமிடத்திற்கு ஏறக்குறைய 800 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும் எஞ்சினை, அசையாமல் நிற்கும் சக்கரத்தோடு திடீரெனப் பிணைத்தால் அது அணைந்துவிடும். எனவே இரண்டு உதவிகள் தேவைப்படுகின்றன. எஞ்சினையும் சக்கரத்தையும் மெல்ல மெல்ல இணைக்கவும் வேண்டும்போது பிரிக்கவும் ஒரு கருவி வேண்டும். எஞ்சினின் வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கப் பற்சக்கரங்களின் வரிசை ஒன்று வேண்டும். கைக் கியர் வண்டியில் முதற் பணியைக் கிளட்ச் செய்கிறது. எஞ்சினோடு சுழலும் கனத்த ஃபிளைவீலின் மீது உராய்வுத் தட்டு ஒன்று அழுந்தி ஆற்றலை வாங்குகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது அத்தட்டு விலகுகிறது. பல சிறு கார்களில், முதற் கியரில் எஞ்சின் பக்கத் தண்டு ஏறத்தாழ மூன்றரை முறை சுற்றினால்தான் மறுபக்கத் தண்டு ஒரு முறை சுற்றும். தொடக்கப் பள்ளிக் கணிதப் பாடத்தில் வரும் விகிதத்திற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

தானியங்கி வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. பெரும்பாலான தானியங்கிப் பெட்டிகளில் ‘டார்க் கன்வெர்ட்டர்’ எனப்படும் முறுக்குவிசை மாற்றி அப்பணியை ஏற்றுக்கொள்கிறது. எண்ணெய் நிறைந்த வட்டக் கூடு ஒன்றின் உள்ளே, எஞ்சினால் சுழலும் இறக்கைகள் எண்ணெயை வீசுகின்றன. அந்த எண்ணெயின் வேகம் எதிரே உள்ள இறக்கைகளைச் சுழற்றுகிறது. அதன் பின்னே, சூரியனைச் சுற்றும் கோள்களைப்போல் அமைந்த பற்சக்கரத் தொகுதிகள் இருக்கின்றன. எண்ணெயின் அழுத்தமே எந்தத் தொகுதியைப் பிடிப்பது, எதனை விடுவது என்பதைச் செய்து முடிக்கிறது. இது மனித அறிவின் அரிய ஆக்கம் என்பதில் ஐயமில்லை.

இனி முதற்பேச்சுக்கு வருவோர், கைக் கியரைப் பழமை என்றும் தானியங்கியைப் புதுமை என்றும் பிரிக்கின்றனர். வரலாறு இப்பிரிவினைக்கு அத்துணை எளிதில் இடங்கொடாது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் எமில் லெவாசோர் வழுக்குப் பற்சக்கரக் கியர்ப் பெட்டியைக் காரில் அமைத்தது 1891-ஆம் ஆண்டில். பற்சக்கரங்கள் உராய்ந்து அலறாமல் பொருந்த உதவும் ‘சிங்க்ரோமெஷ்’ அமைப்பைக் காடிலாக் நிறுவனம் தந்தது 1928-இல். தானியங்கிப் பெட்டியின் உயிர்நாடியாகிய நீர்ம விசைமாற்றிக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் காப்புரிமை நாடியதோ 1905-இல். அதாவது சிங்க்ரோமெஷ் தோன்றுவதற்கும் முன்பு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘ஹைட்ரா-மேட்டிக்’ என்ற தானியங்கிப் பெட்டியை 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்காக அறிவித்தது 1939-இல். எனவே இரண்டும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டின் உடன்பிறப்புகள். ஒன்று மூத்தது, மற்றொன்று இளையது என்பதால் ஒன்று அறிவுடையது, மற்றொன்று அறிவற்றது என்று முடிவு கட்டுதல் முறையாகாது.

தானியங்கியின் நன்மைகளை மறுப்பாரும் இலர். கோலாலம்பூரின் மாலை நெரிசலில் கால் கடுக்க நூறு முறை கிளட்ச் மிதிப்பவன் அதன் அருமையை அறிவான். இடக்கால் இயங்காதவருக்கும், மூட்டு வலியால் நலிந்த முதியவருக்கும் அது பெருந்துணை. பழைய மூன்று படி, நான்கு படித் தானியங்கிகள் கைக் கியரைவிட எரிபொருளை மிகுதியாகக் குடித்தன. இக்காலத் தானியங்கிகளின்மேல் அப்பழியையும் சுமத்த முடியாது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு வினா எஞ்சுகிறது. நல்லதொரு தானியங்கியை ஒருவன் ஏன் கழற்றுகிறான்?

பெரும்பாலும் அவன் நல்லதைக் கழற்றுவதில்லை. பழுதானதைக் கழற்றுகிறான். மலேசியாவில் இப்பணிக்கு வந்து சேரும் வண்டிகள் பதினைந்து, இருபது ஆண்டு உழைத்தவை. 1993-இல் வந்த புரோட்டோன் வீரா, 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், 2005-இல் வந்த பெரோடுவா மைவி ஆகிய மூன்றும் இரு வகைக் கியரோடும் விற்கப்பட்டவை. அவற்றின் தானியங்கிப் பெட்டி தேய்ந்து, கியர் ஏறும்போது உதைத்து, எஞ்சின் உறுமியும் வண்டி நகராமல் நிற்கும் நிலை வரும்போது, உரியவன் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பெட்டியைப் பிரித்துச் செப்பனிடலாம். அதற்கு வேண்டிய நுட்பம் எல்லாப் பட்டறையிலும் இல்லை, செலவோ வண்டியின் விலையை நெருங்கிவிடக் கூடும். வேறொரு பழைய தானியங்கிப் பெட்டியை வாங்கி மாட்டலாம். அதன் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து எவரும் சொல்ல இயலாது. அதே மாதிரி வண்டியின் கைக் கியர்ப் பெட்டியையும் அதன் துணைப் பொருள்களையும் பழைய உதிரிக் கடையிலோ ‘ஹாஃப் கட்’ கடையிலோ வாங்கிப் பொருத்தலாம். தட்டு தேய்ந்தால் தட்டை மட்டும் மாற்றிப் பல்லாண்டு ஓட்டலாம். குறைந்த ஊதியக்காரன் மூன்றாம் வழியைத் தேர்ந்தால், அவன் பின்னோக்கி நடக்கிறான் என்று சொல்வது, மழைக்கு ஒதுங்கியவனைப் பார்த்து வீட்டில்லாதவன் என்று நகைப்பதற்கு ஒப்பாகும். இப்பணியை விளையாட்டு ஆர்வத்தால் மேற்கொள்வோரும் உளர். அவர்களும் தம் பொருளைக் கொண்டு தம் வண்டியை அறிந்துகொள்ள முயல்கின்றனரே அன்றிப் பிறர் பொருளைக் கவர்கின்றாரில்லை.

இரண்டாம் பேச்சுக்கு இவ்வளவு எளிதாக விடை கூறி அகல முடியாது. இம்மாற்றத்தில் ஆபத்து உண்டு என்பது மெய். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பேசுவோர் அறிந்து பேச வேண்டும். முழுவதும் செய்த பணியில் ஆபத்து இல்லை. பாதி செய்து பணம் வாங்கிய பணியில் உண்டு.

முழுப் பணி என்பது கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றுவதோடு முடிவதன்று. முறுக்குவிசை மாற்றியைத் தாங்கிய மெல்லிய தகட்டை எடுத்துவிட்டுக் கனத்த ஃபிளைவீலைப் பூட்ட வேண்டும். அதன் போல்ட்டுகள் பல வண்டிகளில் நீளத்தால் வேறுபடும், பழையவற்றையே முறுக்கிவிடலாகாது. பின்சக்கர உந்தல் வண்டியாயின் எஞ்சின் தண்டின் முனையில் சிறு பேரிங் ஒன்று தேவையா என்று பார்க்க வேண்டும். கிளட்ச் தட்டு, அழுத்தத் தட்டு, விலக்கும் பேரிங் மூன்றும் ஒரே குடும்பத்தனவாக இருத்தல் வேண்டும். கிளட்ச் மிதியும் குறுகிய பிரேக் மிதியும் கொண்ட மிதித் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். வண்டிக்கேற்பக் கிளட்ச்சுக்குக் கம்பியோ எண்ணெய்க் குழாயும் உருளைகளுமோ அமைக்க வேண்டும். சக்கரத்திற்குச் செல்லும் தண்டுகளின் நீளம் பொருந்துகிறதா என்று அளக்க வேண்டும். கியர்ப் பெட்டியைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளை மாற்ற வேண்டும். தானியங்கி எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குச் சென்ற குழாய்களை முறையாக அகற்றி அடைக்க வேண்டும். பின்செல்லும்போது எரியும் விளக்குக்குப் புதிய இணைப்புத் தர வேண்டும். வேகமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கணினி ஆளும் எஞ்சினாயின், தானியங்கிப் பெட்டியிலிருந்து வரும் செய்தி நின்றுபோனதும் அது எச்சரிக்கை விளக்கை எரியவிடும். சில வண்டிகளில் முழு ஆற்றலைத் தரவும் மறுக்கும். அதற்கும் தக்க வழி காண வேண்டும்.

இவை அனைத்திலும் உயிர் தொங்கும் இடம் ஒன்று உண்டு. தானியங்கிக் கார், கியர்க் கோல் நிறுத்த நிலையிலோ நடுநிலையிலோ இருந்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும். அந்தக் காவலைச் செய்வது பெட்டியிலுள்ள ஒரு சிறு சுவிட்ச். பெட்டி போனால் சுவிட்சும் போகும்; வண்டி ஸ்டார்ட் ஆகாது. பொறுப்புள்ள பட்டறைக்காரன் கிளட்ச் மிதியில் வேறொரு சுவிட்சைப் பொருத்தி, மிதியை முழுதும் அழுத்தினாலன்றி எஞ்சின் எழாதபடி செய்வான். பொறுப்பற்றவனோ இரண்டு கம்பிகளைத் திருகி ஒட்டுநாடா சுற்றிவிட்டுப் போவான். அதன் பிறகு கியரில் நிற்கும் வண்டியில் சாவியைத் திருப்பினால் அது முன்னே பாயும். வீட்டு முற்றத்தில் வண்டிக்கு முன்னே குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை இது.

ஆகவே இரண்டாம் பேச்சினர் சினக்க வேண்டியது இந்த ஒட்டுநாடாவைக் கண்டு. கைக் கியரைக் கண்டு சினப்பதில் பயனில்லை. ‘இந்த மாற்றமே கூடாது’ என்று கதவை அடைத்தால், செய்ய விரும்புவோன் இருட்டில் செய்வான். இருட்டில் செய்த வேலையை எவரும் சோதிப்பதில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையாகிய ஜேபிஜேயிடம் முன்னரே கேட்டறிந்து, உரிய ஒப்புதல் பெற்று, காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவித்துப் பகல் வெளிச்சத்தில் செய்வதே சரியான வழி. என்னென்ன பொருள் கழற்றப்பட்டது, என்னென்ன பூட்டப்பட்டது என்ற பட்டியலைக் கையொப்பமிட்டுத் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடுதல் கூடாது. எழுதிக் கொடுக்க அஞ்சுகிறவன் செய்த வேலையை நம்பிப் பிள்ளை குட்டிகளை எப்படி ஏற்றுவது?

இனி மூன்றாம் பேச்சு. இதற்குத்தான் இக்கட்டுரையின் சினம் முழுவதும் உரியது.

மேலே அடுக்கப்பட்ட பணிகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும், கைத்தொழிலை இகழ்வோர். அவற்றில் கணிதம் இருக்கிறது; இயற்பியல் இருக்கிறது; மின்னியல் இருக்கிறது; அளந்து முறுக்கும் ஒழுக்கம் இருக்கிறது; பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கும் அறம் இருக்கிறது. வகுப்பில் விகிதக் கணக்குக்கு விடை தெரியாமல் விழித்த சிறுவன், பற்சக்கரத்தின் பற்களைக் கைவிரலால் எண்ணி அதே கணக்கைச் செய்துவிடக் காணலாம். அவனை ‘மக்கு’ என்று ஒதுக்கியது பாடநூலின் குற்றமா, ஒதுக்கியவரின் குற்றமா? மருத்துவன், வழக்கறிஞன் ஆகிய இரண்டு சொற்களைத் தவிர வேறு கனவைப் பிள்ளையின் காதில் ஓதாத பெற்றோர், அந்த இரண்டும் வாய்க்காதபோது பிள்ளையின் கையில் எதனைத் தந்தனர்? வெறுமையைத் தந்தனர். அந்த வெறுமையில் தெருமுனை நுழைந்தது. தீய நட்பு நுழைந்தது. பிறகு ‘பிள்ளை கெட்டுவிட்டான்’ என்று மேடையில் அழுவதாற் பயன் என்ன?

ரப்பர்த் தோட்டங்களில் லாரியும் டிராக்டரும் ஓட்டி, அவை நின்றால் தாமே பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டிய தமிழர் பலர் இருந்தனர். பள்ளிச் சான்றிதழ் அவர்களிடம் இல்லை. ஆனால் அவர்கள் வந்து கை வைத்தாலன்றிப் பல தோட்டங்களில் வேலை நகரவில்லை. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று ஸ்பேனரைத் தொடுவதற்குக் கூசுகிறார்கள் என்றால், கூச்சத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? எண்ணெய்க் கறை சோப்புக்குப் போய்விடும். கையால் உழைப்பது இழிவு என்ற கறை தலைமுறைக்கும் போவதில்லை.

உரிமத்தின் நிலையையும் காண்க. மலேசியாவில் தானியங்கி வண்டியில் மட்டும் பயின்று ‘டி.ஏ.’ உரிமம் பெற்றவர் கைக் கியர்க் காரை ஓட்ட இயலாது. ‘டி’ உரிமம் உடையவர் இரண்டையும் ஓட்டலாம். சிங்கப்பூரில் ‘3ஏ’ வகுப்பு உரிமத்திற்கும் ‘3’ வகுப்பு உரிமத்திற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. நகரத்தில் அலுவலகம் செல்பவருக்கு டி.ஏ. போதும், அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்நாட்டுச் சாலைகளில் ஓடும் லாரிகளிற் பலவும், சிறு வணிகரின் வேன்களிற் பலவும் கைக் கியர் வண்டிகளே. பெரோடுவா நிறுவனம் 2023-இல் 22,000 ரிங்கிட் விலையில் வெளியிட்ட ஆக்சியா ‘இ’ என்னும் மலிவு விலைக் காரும் ஐந்து படிக் கைக் கியர் கொண்டதே. ‘கிளட்ச் கடினம்’ என்று பதினெட்டு வயதில் அஞ்சி ஒதுங்குகிறவன், வண்டியோட்டிப் பிழைக்கும் வழிகளிற் பாதியைத் தன் கையாலேயே சாத்திக்கொள்கிறான். ‘கடினமானது எதற்கு? எளியதை எடு’ என்று அவனுக்கு ஆலோசனை கூறுகிறவர், அந்தக் கதவைச் சாத்தத் துணை நிற்கிறார்.

பட்டறையில் பல்லாண்டு உழைத்தும் தாள் இல்லை என்று தாழ்ந்து நிற்பவருக்கும் வழி திறந்தே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழாகிய எஸ்.கே.எம். படிப்படியாக வழங்கப்படுகிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ். நான்காம் நிலை டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. இதற்கென வகுப்பில் அமர்ந்து பயிலாதவரும், தாம் செய்து பழகிய வேலைக்குரிய சான்றுகளைத் தொகுத்துக் காட்டி, முன் பெற்ற திறனுக்கான அங்கீகாரத்தின் வழியாக அச்சான்றிதழைப் பெற இயலும். இதனை அறியாமல் எத்தனை பட்டறைகளில் எத்தனை கைகள் கூலியாளாகவே முதுமை எய்துகின்றன! ஆண்டுதோறும் மாலையும் பொன்னாடையும் வாங்கிக் குவிக்கும் சங்கங்கள், ஓர் ஆண்டாவது அப்பணத்தைக் கொண்டு இக்கைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தால் என்ன குறைந்துவிடும்?

‘மின்சாரக் கார் வந்துவிட்டது, அதிற் பலவற்றுக்கு மாற்றும் கியரே கிடையாது, அழியப்போகும் கலையை ஏன் கற்பிப்பது?’ என்று இறுதியாக ஒரு கேள்வி எழுப்புவர். கேள்வி நியாயமானது. விடையும் உண்டு. இன்று சாலையில் ஓடும் வண்டிகள் ஒரே நாளில் மறைந்துவிடப் போவதில்லை. அவை இருக்கும்வரை செப்பனிடும் கைகளுக்கு வேலை இருக்கும். அதனினும் முதன்மையானது வேறொன்று. ஸ்டார்ட்டர்ச் சுவிட்சின் மின்வழியைத் தொடர்ந்து சென்று பழுதைக் கண்டுபிடிக்கக் கற்றவனே நாளை மின்கலத் தொகுதியின் பழுதையும் கண்டுபிடிப்பான். இன்று பெட்டியைத் திறக்க அஞ்சுகிறவன், நாளை வேறு பெட்டி வந்தாலும் அஞ்சியே நிற்பான். திறக்கத் தெரிந்த பிறருக்குக் கூலி கொடுத்துக்கொண்டே இருப்பான். பொருள் மாறலாம், பயின்ற அறிவு வீணாவதில்லை.

எனவே செய்ய வேண்டுவன சிலவே. கைக் கியருக்கு மாற்ற நினைப்போர் முழுதும் செய்க, ஒப்புதலோடு செய்க, காவற் சுவிட்சு இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதொழிக. பட்டறை நடத்துவோர் செய்ததை எழுதித் தருக. பெற்றோர், இயந்திரத்தின்பால் நாட்டமுள்ள பிள்ளையின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்காதிருக்க. தொழிற்பயிற்சி நிலையத்தின் வாயிலுக்கு அவனைத் தாமே அழைத்துச் செல்க. ஆசிரியர்கள் விகிதப் பாடத்தைக் கரும்பலகையோடு நிறுத்தாமல், பழைய கியர்ப் பெட்டி ஒன்றை உதிரிக் கடையிலிருந்து பெற்று வகுப்பின் நடுவே வைக்க. மாணவர் பற்களை எண்ணட்டும்.

நகைப்போர் நகைத்துக்கொண்டே இருக்கட்டும். அவர்களுடைய வண்டியும் ஒருநாள் நட்டநடுச் சாலையில் நின்றுவிடும். அன்று அவர்கள் தேடி ஓடுவது, எண்ணெய் படிந்த அந்தக் கையைத்தான். அந்தக் கை ஒரு தமிழ்ப் பிள்ளையின் கையாக, கற்றுத் தேர்ந்த கையாக, சான்றிதழும் தன்மானமும் உடைய கையாக இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை இன்றே முடிவு செய்தாக வேண்டும்.